இரண்டு அங்குலம் தள்ளி ஒரு துளை

ஆர்வில் அண்ணனுடைய துப்பாக்கிச் சைலன்சரைக் கரைசலில் ஊறப்போட்டு, வெர்னா உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது நெல்டா அண்ணியிடமிருந்து போன் வந்தது. காலையிலிருந்தே வடகாற்று ஊரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தது. மாடுகளின் தண்ணீர்த் தொட்டியெல்லாம் உறைந்து கிடந்தது. முன்பக்கத் தீவனக் கடையில் நாலைந்து பேர் காபிக் கோப்பையைப் பிடித்தபடி, வீட்டுக்குப் போக மனமில்லாமல் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். அந்தக் கடையின் பின்பக்கம்தான் வெர்னாவின் துப்பாக்கிப் பட்டறை.

"வேலையா இருக்கியா வெர்னா?"

"வேலைதான் அண்ணி. உங்க வீட்டுக்காரரோட சைலன்சரைத்தான் சுரண்டிக்கிட்டு இருக்கேன். சுடுகாட்டுக் கொள்ளி கணக்கா கரி. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. காலையில ஓட்ஸ் வயல்ல ஒரு ஆம்பளப் பன்னி. ஒத்தையா, பெருசா. உங்கண்ணன் சுட்டார். பட்டுது, ஆனா விழல. ஓடைப் புதருக்குள்ள பூந்துருச்சு. நம்ம நாய் பிஸ்கட்டும் பின்னாலயே ஓடிப்போச்சு. கொஞ்ச நேரம் நாய் குரைச்சுது, அப்புறம் சத்தமே காணோம். இவர் தேடி உள்ள போயிருக்கார். இன்னும் திரும்பல."

"எத்தனை வெடி கேட்டுது?"

"ஒண்ணுதான்."

"எந்தத் துப்பாக்கி எடுத்துட்டுப் போனார்?"

"நீ செஞ்சு குடுத்ததுதான். வேற எதை எடுப்பார்?"

வெர்னா தன் கையிலிருந்த சைலன்சரைப் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமை அண்ணன் அதை மேசைமேல் வைத்துவிட்டு, "அடுத்த வாரம் வரைக்கும் எனக்கு வேலையில்லம்மா, மெதுவா சுத்தம் பண்ணிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அது இங்கே அவள் கையில் இருக்கிறது. அப்படியென்றால் அங்கே துப்பாக்கியின் முனையில் இல்லை.

"அண்ணி, அவருக்கு போன் போடுங்க. உடனே வெளிய வரச் சொல்லுங்க."

"போனை எங்க எடுத்துட்டுப் போறார்? வண்டியிலயே கெடக்கும். எடுத்துட்டுப் போனாலும் ஓடைக்குள்ள சிக்னல் ஏது? ஏன், என்ன ஆச்சு?"

"பண்ணை கேட்டுக்கிட்ட வந்து நில்லுங்க. நான் வர்றேன்."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெர்னாவின் பதற்றம் யாருக்கும் புரியாது. இந்த வகை ரைபிள் சுடச்சுடத் தன்னைத்தானே தயார் செய்துகொள்ளும். குண்டு குழலில் ஓடும்போது ஒரு சின்னத் துளையைத் தாண்டிப் போகும். வெடித்த மருந்தின் வாயு கொஞ்சம் அந்தத் துளை வழியே தப்பித்து, ஒரு மெல்லிய குழாயில் பின்னோக்கி ஓடிவந்து, குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட்டை இடித்துத் தள்ளும். போல்ட் பின்னால் போகிற போக்கில் காலி உறையை வெளியே எறிந்துவிட்டு, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு வரும். அந்தத் துளை எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாச் சண்டையும். தோட்டா வெடிக்கும் இடத்துக்குக் கிட்டத்தில் வைத்தால் வாயு சூடு தணியாமல் கோபத்தோடு வரும். எந்த மட்டமான தோட்டாவையும் தின்னும், எந்தக் குளிரிலும் ஓடும், ஆனால் தோளைப் போட்டு இடிக்கும். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் வாயு கொஞ்சம் களைத்து வரும். தோளுக்குச் சுகம். ஆனால் தோட்டாவில் தெம்பு இல்லாவிட்டாலோ, எண்ணெய் குளிரில் இறுகிவிட்டாலோ அது சோம்பல் காட்டலாம். முன்னதைக் குட்டை என்பார்கள், பின்னதை நடுத்தரம் என்பார்கள். இந்த இரண்டு அங்குலத்துக்காகத் தீவனக் கடை வாசலில் மாமனும் மருமகனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை வெர்னாவே பார்த்திருக்கிறாள்.

குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன்னை எடுத்து வண்டியின் இருக்கையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சாலையில் பனி கண்ணாடி போட்டிருந்தது. பாலத்துக்குப் பாலம் வண்டி தன்னிஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுத்தது. மெதுவாகப் போனால் அண்ணனுக்கு ஆபத்து, வேகமாகப் போனால் தனக்கு ஆபத்து. அவள் வேகமாகவே போனாள். போகப் போக, போன ஆகஸ்ட் மாதம் திரும்பத் திரும்ப மனசுக்குள் வந்து நின்றது.

அப்போதுதான் அண்ணனுக்கு வலது தோளில் ஆபரேஷன் முடிந்து, உள்ளே திருகு வைத்துத் தைத்திருந்தார்கள். பழைய ரைபிளை வெர்னாவிடம் தள்ளிவிட்டு, புதிதாக ஒன்று செய்து தரச் சொல்லி வந்திருந்தார். தீவனக் கடையில் வழக்கமான கூட்டம் இருந்தது.

"எனக்குக் குட்டைதாம்மா வேணும்" என்றார் அண்ணன். "எப்பவும் குட்டைதான் வெச்சிருந்தேன்."

"எப்பவும் உங்க தோள்ல எலும்பு இருந்துச்சு. இப்ப இரும்பு இருக்கு. குட்டையை வெச்சு சுட்டீங்கன்னா, கிறிஸ்துமஸுக்கு டாக்டர் வீட்லதான் சாப்பாடு."

"நான் புதருக்குள்ள போறவன். சுட்டா ஓடணும். எனக்கு அது போதும்."

"ஓடாம எங்க போகும்? நான் செஞ்சு குடுக்கறதுண்ணா அது."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். வெர்னாவின் வேலையைக் குறை சொன்னவர்கள் அந்த வட்டாரத்தில் அதிகம் பேர் கிடையாது. சொன்னவர்கள் மறுபடி அவள் பட்டறைப் பக்கம் வரவில்லை என்பதுதான் காரணம். ஒரு சித்தப்பா மகன் டிரிக்கர் கொஞ்சம் கடினமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நாலு வருடமாக ஒரு வணக்கத்துக்குக்கூட வழியில்லாமல் இருக்கிறான். வெர்னா கெட்டவள் இல்லை. ஆனால் அவள் செய்த துப்பாக்கியில் கோளாறு என்று யாராவது வந்தால், துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன்னால் வந்தவனைத்தான் மேலும் கீழும் பார்ப்பாள்.

அண்ணனுக்கு நடுத்தரக் குழல்தான் செய்தாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. துளைக்கு மேலே வாயுவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு வைத்தாள். சைலன்சரை முனையில் மாட்டினால், வெளியே போக வேண்டிய வாயு கொஞ்சம் தேங்கி, பின்னால் கூடுதலாக வரும். அதனால் சைலன்சரை மாட்டியபடியே சுட்டுப் பார்த்து, திருகைக் கொஞ்சம் மூடினாள். இன்னும் மென்மையாக இருந்தது. மறுபடி கொஞ்சம் மூடினாள். கடைசியில் போல்ட் பின்னால் போய்த் திரும்புவதற்குப் போதுமான வாயு மட்டும் மிஞ்சியது, ஒரு மூச்சுகூட அதிகம் இல்லை. இந்தத் தொழிலில் கை தேர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. கத்துக்குட்டி யாரும் இவ்வளவு நுணுக்கமாக இழைக்க மாட்டான். அவனுக்குத் தெரியாமலே கொஞ்சம் மிச்சம் வைத்துவிடுவான்.

பட்டறைக்குப் பின்னால் அண்ணன் சுட்டுப் பார்த்தார். "வெண்ணெயா இருக்கும்மா" என்றார். வெர்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணெய் எப்போது போட வேண்டும், எந்தத் தோட்டா வாங்க வேண்டும், தோட்டா அடைக்கும் மேகசினை எப்படித் துடைக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னாள். சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சுட்டால் ஒரு வெடியோடு நின்றுவிடும் என்று சொன்னாளா? வண்டியை ஓட்டிக்கொண்டே அந்த நாளை எத்தனையோ முறை புரட்டிப் பார்த்துவிட்டாள். அந்த வார்த்தை மட்டும் எங்கேயும் தென்படவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அதை மறந்திருக்கிறாள்.

காலையில் ஒரு வெடிதான் கேட்டது என்று அண்ணி சொல்லியிருக்கிறார். பெரிய பன்றி, அடிபட்டு ஓடுகிறது, ஆர்வில் அண்ணன் ஒன்றோடு நிறுத்துகிற ஆளா? ரைபிள்தான் நின்றிருக்கும். வாயு போதாமல் போல்ட் பாதி தூரம் வந்து, காலி உறையைக் கவ்விக்கொண்டு சிக்கியிருக்கும். குளிரில் ஏதோ ஒரு தடவை அப்படி ஆகிவிட்டது என்று நினைத்து, கையால் இழுத்துச் சரி செய்துகொண்டு, நாயைத் தேடிப் புதருக்குள் போயிருப்பார். அடுத்த வெடியும் அப்படித்தான் நிற்கும். அடிபட்ட ஆண் பன்றி புதருக்குள்ளிருந்து ஒரே பாய்ச்சலாக வரும்போது இழுத்துச் சரி செய்ய நேரம் இருக்காது. அதன் கொம்புப் பல் மனிதனின் தொடை உயரத்தில் இருக்கும். தொடையில் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் அறுந்தால், ஓடையிலிருந்து வண்டிவரைகூட ஆளைத் தூக்கி வர முடியாது. போன வருடம் பக்கத்துப் பண்ணையில் ஒருவனை அப்படித்தான் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

பண்ணை வாசலில் நெல்டா அண்ணி அண்ணனின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஒல்லியான உடம்பு, அலட்டிக்கொள்ளாத குணம். வண்டி முழுதாக நிற்கும் முன்னாலேயே ஏறிக்கொண்டார்.

"இன்னும் வரலியா?"

"வரல. நாய்ச் சத்தமும் இல்ல. நீ ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க?"

"அண்ணி, அந்தத் துப்பாக்கி ஒரு வெடிதான் வெடிக்கும். அப்புறம் நின்னுரும்."

"என்ன சொல்ற?"

"சைலன்சர் இல்லாம அது ஓடாது. நான்தான் அவ்வளவு இறுக்கமா மூடி வெச்சேன். தோள்ல இடிக்கக் கூடாதுன்னு மூடினேன். அவர்கிட்ட சொல்ல மறந்துட்டேன். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா பன்னி பண்ணினது இல்ல அண்ணி, நான் பண்ணினது."

நெல்டா அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். "வெர்னா, அந்தத் துப்பாக்கியில..."

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி. திட்டறதா இருந்தா அப்புறம் திட்டுங்க. வாங்கிக்கறேன்."

"திட்டல. நீ சொல்றது நிச்சயமா? ஓடவே ஓடாதா?"

"நான் செஞ்சது எனக்குத் தெரியாதா?"

அண்ணி வாயை மூடிக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. வண்டி உழவு சால்களில் குதித்துக் குதித்துப் போனது. அண்ணி தன்னை மனசுக்குள் சபித்துக்கொண்டிருக்கிறார் என்று வெர்னா நினைத்தாள். நினைக்க நியாயம் இருந்தது.

அண்ணனின் வண்டி ஓடைக் கரையில் நின்றது. உள்ளே போன் இருந்தது. ஓட்ஸ் பயிரைப் பன்றி கிளறிப் போட்டிருந்த இடத்திலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பனிமேல் போய், முள்கொடிகள் பின்னிக் கிடந்த புதருக்குள் நுழைந்தது. பக்கத்திலேயே அண்ணனின் பூட்ஸ் தடம்.

"நீங்க வண்டிக்குள்ளயே இருங்க அண்ணி."

"போடி" என்றார் அண்ணி. பின்னாலேயே வந்தார்.

புதருக்குள் நிமிர்ந்து நடக்க இடமில்லை. வெர்னா ஷாட்கன்னை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து குனிந்து போனாள். முள் கன்னத்தைக் கிழித்தது, அவளுக்கு அது உறைக்கவில்லை. பனி கட்டிய கிளைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசிக் கடகடத்தன. அந்தச் சத்தத்தில் எது காற்று, எது மிருகம் என்று பிரிக்க முடியவில்லை. நாலடிக்கு ஒரு தரம் நின்று கேட்டாள். தன் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது.

புதர் ஓரிடத்தில் விலகி ஓடை தெரிந்தது. அக்கரையில் ஆர்வில் அண்ணன் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். அவருக்குப் பின்னால், கரை சரிந்து வேர்கள் தொங்கிய பொந்தில் பிஸ்கட் கிடந்தது. அதன் விலாவில் ரத்தம். வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் ரைபிளைத் தோளில் வைத்து, ஓடையின் நடுவே இருந்த முள்கொடிக் குவியலைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குவியல் அசைந்தது. உள்ளே கறுப்பாக ஒரு முதுகு.

வெர்னா ஷாட்கன்னைத் தூக்கினாள். உடனே தாழ்த்தினாள். அவளுக்கும் அண்ணனுக்கும் நடுவில்தான் பன்றி இருந்தது. சுட்டால் குண்டு அவர்மேலும் படும். கத்திச் சொல்லலாம். சுடாதீங்க, அது நின்னுரும், மெதுவா பின்னால போங்க என்று சொல்லலாம். ஆனால் கத்தினால் அண்ணன் தலையைத் திருப்புவார். தலையைத் திருப்புகிற அந்த நொடிக்காகத்தான் பன்றி காத்துக்கொண்டிருக்கிறது. கத்தாமல் இருந்தாலோ, அவர் ஒரு வெடியை நம்பி உட்கார்ந்திருக்கிறார், அது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாக, சொல்ல ஒரு வார்த்தை இருந்தும் வெர்னா வாயைத் திறக்காமல் நின்றாள். பின்னாலிருந்து நெல்டா அண்ணியின் கை அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டது.

முள்கொடி விலகியது. பன்றி நேராக அண்ணனை நோக்கித்தான் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக வரும் என்று, எத்தனை தடவை பார்த்தவர்களுக்கும் நம்பிக்கை வராது. அண்ணன் சுட்டார். பன்றியின் தோளிலிருந்து மண் தெறித்தது, அது நிற்கவில்லை. வெர்னா கண்ணை மூடவில்லை. போல்ட் பாதியில் நிற்கும் அந்த அரைச் சத்தத்துக்காக அவள் காது காத்திருந்தது.

ரைபிள் மறுபடி வெடித்தது. மறுபடியும். மறுபடியும். கடைசி வெடிக்குப் பன்றியின் முன்னங்கால்கள் மடிந்து, அது வந்த வேகத்திலேயே சறுக்கிக்கொண்டு போய், அண்ணனின் பூட்ஸுக்கு ஒரு கை தூரத்தில் முட்டி நின்றது. ஒரு கால் கொஞ்ச நேரம் உதறியது. பிறகு அதுவும் இல்லை.

வெர்னாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமே இல்லாத சந்தோஷம். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள் என்றுகூடச் சொல்லலாம், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அது அடங்குவதற்குள் இன்னொன்று வந்தது. அந்தச் சத்தம். அவள் செய்த ரைபிள் அப்படிக் குரைக்காது. அந்த ரைபிளில் வெடிக்கும் வெடிக்கும் நடுவே போல்ட் நிதானமாகப் போய் வரும், கதவைச் சாத்துவது மாதிரி. இது கதவை உதைத்துத் திறக்கிற சத்தம். எழுந்து ஓடையைத் தாண்டிப் போனாள். காலி உறைகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தாள். அவளுடையது உறைகளை வலது பக்கம், கொஞ்சம் பின்னால், ஒரே இடத்தில் போடும். இவை முன்னால், தூரத்தில், பனியில் சிதறிக் கிடந்தன. வாயு வேண்டுமளவுக்கு மேல் பாய்கிற துப்பாக்கி.

"நீ எங்கம்மா வந்த?" என்றார் ஆர்வில் அண்ணன். அவருக்கு மூச்சு வாங்கியது. "நாய்க்குக் கிழிஞ்சிருச்சு. குடல் தப்பிச்சுது. தைச்சா பிழைச்சுக்கும்."

வெர்னா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ரைபிளின் கைப்பிடிக் கூட்டில் இருந்த இடுக்கு வழியாக விரலை விட்டுத் தடவினாள். அவள் துளை போட்ட இடத்தில் வெறும் குழல்தான் இருந்தது. விரலைப் பின்னால் இழுத்தாள். இரண்டு அங்குலம் தள்ளி, துளையை மூடிய இரும்புக் கட்டையில் விரல் இடித்தது. சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

"குட்டை" என்றாள்.

அண்ணன் பனியைப் பார்த்தார்.

"எப்ப மாத்தினீங்க?"

"அக்டோபர்ல."

"காலையில ஒண்ணுதானே சுட்டீங்க?"

"பன்னிக்குப் பின்னால மாடு நின்னுது. அதான் நிறுத்திட்டேன்."

வெர்னா திரும்பி நெல்டா அண்ணியைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். வண்டியில சொல்லத்தான் வந்தேன். பேசாதீங்கன்னுட்ட. அப்புறம் ஓடவே ஓடாதுன்னு அடிச்சுச் சொன்ன. குழலை மாத்தினாலும் ஓடாதோ என்னமோன்னு நெனச்சேன். எனக்கென்ன தெரியும் இதைப் பத்தி? நீ சொன்னா நம்பறதுதானே."

அண்ணி குனிந்து புருஷனின் கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்து, எங்காவது கிழித்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். சட்டையை விலக்கியதும் வலது தோள் தெரிந்தது. ஆபரேஷன் தழும்பைச் சுற்றிப் பழைய காயம் மஞ்சளாக, அதற்குமேல் பச்சையாக, அதற்கும்மேல் இன்றைக்குப் பட்டது நீலமாகக் கன்றிப் போயிருந்தது. அக்டோபரிலிருந்து ஒவ்வொரு பன்றிக்கும் அந்தத் தோள் அடி வாங்கியிருக்கிறது. இந்த மாதங்களில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ரைபிள் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்காத வாரம் இல்லை. வெண்ணெய், வெண்ணெய் என்று அவரும் சொல்லாத வாரம் இல்லை. ஒரு தரம்கூட ரைபிளைப் பட்டறைக்குக் கொண்டுவரவில்லையே, அவ்வளவு நன்றாக ஓடுகிறது போல என்று அவள் பெருமைப்பட்டதும் உண்டு.

"என்னதான் ஆச்சு அக்டோபர்ல?"

"புதருக்குள்ள சைலன்சர் நீளமா மாட்டிக்கிட்டே இருந்துச்சு, கழட்டி வெச்சுட்டேன். குட்டியோட ஒரு தாய்ப் பன்னி வந்துது. ஒண்ணு சுட்டேன், நின்னுருச்சு. வைக்கோல் கட்டு மேல ஏறித் தப்பிச்சேன்."

ஏன் கழட்டினீங்க என்ற கேள்வி வெர்னாவின் பல்லு வரைக்கும் வந்துவிட்டது. அதைத்தான் அவர் அன்றைக்கே எதிர்பார்த்திருப்பார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேள்வியை விழுங்கினாள். விழுங்குவது எளிதாக இல்லை.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிட்டு?" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. "உன்கூடப் பேசாம நாலு வருஷம் என்னால இருக்க முடியாதும்மா. எனக்கு அறுபத்திரண்டு ஆச்சு. அதுக்கு இந்தத் தோள் வலி மேல்."

காற்று ஓடைக்குள் இறங்கி வந்தது. பிஸ்கட் முனகியது. வெர்னாவுக்கு யாரோ நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியதுபோல் இருந்தது. அண்ணன் இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்திருப்பது அவள் துப்பாக்கியால் இல்லை. அவளை நம்பாததால்.

"யார் மாத்தினது?"

அண்ணன் தயங்கினார். "ஹாலிஸ்."

ஹாலிஸ் பக்கத்து மாவட்டத்தில் நெடுஞ்சாலை ஓரமாகப் பட்டறை வைத்திருப்பவன். வெர்னா அவன் பெயரைச் சொல்ல மாட்டாள், தகரம் தட்டுகிறவன் என்றுதான் சொல்வாள். அவனும் இவளைப் பற்றி வேறு ஏதோ சொல்வதாகக் கேள்வி.

"துளையைப் பெருசாப் போட்டுட்டான்" என்றாள். "இவ்வளவு வாயு வேண்டியதில்ல. நாளைக்குக் கொண்டாங்க. குழலைத் தொட மாட்டேன், குட்டையாவே இருக்கட்டும். போல்ட்டுக்குப் பின்னால இருக்கற எடையைக் கழட்டிட்டு கனமா ஒண்ணு போட்டா இடி நல்லாக் குறையும். வேற எதையும் தொட மாட்டேன்."

ஆர்வில் அண்ணன் "சரிம்மா" என்றார். சொல்லிக்கொண்டே, மடியில் கிடந்த ரைபிளை அவள் பக்கமிருந்து கொஞ்சம் தள்ளித் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டார். அவர் தெரிந்து செய்யவில்லை. கை தானாகச் செய்தது. வெர்னா அதைப் பார்த்துவிட்டாள். சித்தப்பா மகன் விஷயத்தில் நாலு வருடமாக வராத வலி இப்போது மொத்தமாக வந்தது.

அவள் எழுந்து, முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம்ணா. ஹாலிஸ்கிட்டயே கொண்டு போங்க. கனமான எடை போடச் சொல்லுங்க, அவன்கிட்ட இருக்கும். இல்லன்னா நான் குடுத்தனுப்பறேன். வெர்னாதான் சொல்லி அனுப்பினான்னு சொல்லுங்க."

"உன் பேரையா சொல்லச் சொல்ற?"

"என் பேரைத்தான். அவன் போட்ட குட்டைதான் சரின்னு நான் சொன்னேன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

"ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாம்மா அவன்."

"சிரிக்கட்டும். உங்க தோள் ஆறணும்."

நெல்டா அண்ணி போட்டிருந்த கோட்டைக் கழற்றிப் பனிமேல் விரித்தார். இரண்டு பேருமாக நாயை அதன்மேல் தூக்கி வைத்தார்கள். அண்ணன் ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்தபடி, முள்ளை விலக்கி அவர்களுக்கு முன்னால் நடந்தார்.